மூன்றாவது வரி

எட்டாம் வகுப்புக்கு ஆசிரியையாகப் போன என் முதல் நாளன்று கரும்பலகையில் மூன்று விதிகளை எழுதினேன். பேசினால் என் குரல் கடைசி பெஞ்சுவரை போகாது. எழுதினால் போகும்.

ஒன்று, ஒவ்வொரு படியையும் தனி வரியில் எழுத வேண்டும். இரண்டு, புரியாவிட்டால் அன்றைக்கே கேட்க வேண்டும். மூன்று, தவறாக எழுதியதை அழிக்கக் கூடாது. தவறான வரிக்கும் மதிப்பெண் உண்டு.

மூன்றாவதைப் படித்ததும் வகுப்பில் சலசலப்பு.

"தப்புக்கு மார்க்கா டீச்சர்?" என்று முன் பெஞ்சில் இருந்த அஸ்வந்த் கேட்டான்.

"தப்புக்கு இல்லை. யோசிச்சதுக்கு."

பிறகு அந்த விதிகளை ஒரு சார்ட்டில் எழுதிப் பின்சுவரில் ஒட்டினேன். கேரளத்தின் தென்கோடியில், இருபத்தொரு பிள்ளைகள் உள்ள தமிழ் வழி வகுப்பு அது. பாதிப் பேர் ரப்பர் தோட்டப் பக்கத்திலிருந்து வருபவர்கள், பாதிப் பேர் குளத்தூர் கடற்கரைப் பக்கத்திலிருந்து. எனக்கு மார்ச் மாதம் வரைதான் வேலை. தனுவச்சபுரத்துக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதமும் பிறகு பி.எட்.டும் முடித்த எனக்குக் கிடைத்த முதல் வேலை. மூன்றாவது பெஞ்சின் சுவரோரத்தில் என் தங்கை நந்தனா உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் பவுலா.

அன்று காலை வீட்டிலேயே நந்தனாவிடம் சொல்லியிருந்தேன், பள்ளியில் என்னை அக்கா என்று கூப்பிடக் கூடாது என்று.

"பின்ன என்னண்ணு விளிக்க?"

"டீச்சர்ணு."

தேநீர் மூக்கில் ஏறும்வரை சிரித்தாள். "செரி டீச்சர். கொஞ்சம் மாறி நில்லுங்க டீச்சர். கண்ணாடி எனக்கும் வேணும் டீச்சர்."

ஆனால் பள்ளியில் ஒருநாளும் தவறவில்லை. சாயங்காலம் பஸ் ரயில்வே கேட்டைத் தாண்டியதும், "இனி அக்காவாக்கும்" என்று சொல்லி என் தோளில் தலையைச் சாய்ப்பாள். அவளுக்குப் பதின்மூன்று வயது, எனக்கு இருபத்தைந்து. என் இடுப்பில் வளர்ந்தவள்.

நந்தனாவுக்குக் கணக்கு வராது. கால்பந்து வரும். பவுலாவின் ஊர் மணலில் விழுந்து புரண்டு பழகி, பள்ளி அணிக்குக் கோல்கீப்பர் ஆனாள். பவுலா இடது ஓரத்தில் ஓடுபவள். இருவரும் பந்தைப் பற்றிப் பேசிக்கொண்டே கணக்கும் சேர்ந்துதான் செய்வார்கள். அதனால் இருவருக்கும் ஒரே தவறு. அடைப்புக்குறிக்கு வெளியே ஒரு எண் நின்றால், உள்ளே கடைசியாக இருப்பதை அதனோடு பெருக்க மறந்துவிடுவார்கள். முதல் பருவத்து ஓணப் பரீட்சைவரை நந்தனாவுக்கு வீட்டில் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அவள் தரையில் கவிழ்ந்து படுத்துக்கொண்டு எழுதுவாள். நான் கட்டிலில் இருந்தபடியே, "கடைசி ஆளை மறந்தாச்சு" என்பேன். "ஐயோ, பாவம்" என்று சொல்லி அந்த வரியின் மேல் ஒரு கோடு போட்டுவிட்டு, கீழே சரியாக எழுதுவாள். அழிக்க மாட்டாள்.

ஓணப் பரீட்சையில் எண்பதுக்கு நாற்பத்தேழு வாங்கினாள். வகுப்பு பி.டி.ஏ. கூட்டத்தில் தாள்களைப் பெற்றோரிடம் கொடுத்தேன். அஸ்வந்தின் அம்மா ஆனந்தபாய் கமிட்டியில் இருப்பவர். சத்தமாகப் பேசுவார், சத்தமாகச் சிரிப்பார். எங்கள் அம்மாவின் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தார்.

"டீச்சருக்க தங்கச்சிக்கு நாப்பத்தேழா! பின்ன என்ன, பரீட்சை வீட்டில வச்சாக்கும் நடந்திருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். ஆனந்தபாய் நந்தனாவின் கன்னத்தைத் தட்டி, "சும்மா சொன்னேன் மக்கா" என்றார். நந்தனாவும் சிரித்தாள். எனக்கு மட்டும் முகம் எரிந்தது. சாக்பீஸ் எடுக்கப் போவதுபோல வெளியே போய், கூட்டம் முடியும்வரை வராந்தாவில் நின்றேன்.

அன்று சாயங்காலம் நந்தனா நோட்டைத் திறந்தபோது, "நாளைக்கு கிளாஸில கேளு" என்றேன்.

"இப்ப சொன்னா என்ன?"

"எல்லாருக்கும் சொல்லும்போ சொல்வேன்."

மறுநாள் வகுப்பில் கை தூக்கினாள். மற்றவர்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டுக் கடைசியாக அவளிடம் போனேன். அப்போது மணி அடித்தது. அடுத்த நாளும் ஏறக்குறைய அப்படித்தான். சில வாரங்களில் அவள் கை தூக்குவதை நிறுத்தினாள். எனக்குத் தெரிந்தே நடந்தது. நான் அதற்கு நியாயம் என்று பெயர் வைத்திருந்தேன்.

கிறிஸ்துமஸ் பரீட்சையில் முப்பத்தொன்று.

"ஊருக்க பிள்ளையளுக்கெல்லாம் சொல்லிக் குடுக்கிய. வீட்டில உள்ளவளுக்கு அஞ்சு நிமிசம் இல்லியா உனக்கு?" என்றாள் அம்மா.

"போட்டும்மா. அக்காக்கு ஜோலி உண்டு" என்றாள் நந்தனா.

ஜனவரியில் கோடைக்காலக் கால்பந்துப் பயிற்சி முகாமுக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். திருவனந்தபுரத்தில் ஏப்ரல் மாதம் முழுவதும் தங்கிப் பயில வேண்டும். எங்கள் பள்ளியிலிருந்து இரண்டு பேர், பவுலாவும் நந்தனாவும். அப்பா நெய்யாற்றின்கரைக்குப் போய் அவளுக்குக் கீப்பர் கையுறை வாங்கி வந்தார். பச்சை நிறம். அதைப் போட்டுக்கொண்டு தோசை பிய்த்துத் தின்றாள்.

முகாமுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. எட்டாம் வகுப்பின் ஆண்டு எழுத்துத் தேர்வில் ஒவ்வொரு பாடத்துக்கும் எண்பதில் குறைந்தது இருபத்துநான்கு வாங்க வேண்டும். வாங்காதவர்களுக்கு ஏப்ரல் விடுமுறையில் தனி வகுப்பும் மறுதேர்வும் உண்டு. அந்த வகுப்புக்கு வர வேண்டியதில்லை என்று தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் முகாமில் சேர்ப்பார்கள்.

மற்றப் பாடங்களில் நந்தனாவுக்குப் பயமில்லை. கணக்கு மட்டும்தான்.

மார்ச் மாதம் ஸ்டாஃப் ரூமில் ஆண்டுத் தேர்வுத் தாள்களைத் திருத்தினோம். தலைமையாசிரியர் தாணு சார் வாசலில் நின்று பொதுவாகச் சொன்னார்: "இருபத்திரண்டு, இருபத்திமூணு உள்ள பேப்பரை ஒருக்கா கூடி நோக்கணும் டீச்சர்மாரே. பிள்ளையளுக்க லீவாக்கும்." எல்லா வருடமும் சொல்வாராம். எங்காவது விட்டுப்போன ஒரு மதிப்பெண்ணைத் தேடிக் கொடுங்கள் என்பதுதான் அதற்குப் பொருள். கொடுப்பார்கள். அதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை.

எனக்குப் பக்கத்தில் மலையாள வழி வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் ஷிஜி டீச்சர் இருந்தார். "ஷீஜா, தங்கச்சிக்க பேப்பரை இஞ்ச தா. எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியுமே, நான் நோக்குறேன்" என்றார்.

"வேண்டாம் டீச்சர். நானே நேரா பாப்பேன்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அந்தத் தாளை யாரிடமாவது கொடுத்தால், என்னால் நேராகப் பார்க்க முடியாது என்று நானே ஒப்புக்கொண்டதுபோல இருக்கும் என்று தோன்றியது.

பவுலாவுக்கு இருபத்துமூன்று வந்தது. மறுபடி பார்த்தேன். பதினான்காவது கேள்வி நான்கு மதிப்பெண்ணுக்கு உரியது. ஒரு செவ்வகத்தின் நீளம் அகலத்தைவிட ஐந்து சென்டிமீட்டர் கூடுதல், சுற்றளவு முப்பத்தெட்டு. நீளமும் அகலமும் காண வேண்டும். முதல் வரியில் அகலம் x, நீளம் x + 5 என்று எழுதியிருந்தாள். இரண்டாவது வரியில் 2(x + x + 5) = 38. இரண்டும் சரி. மூன்றாவது வரியில் 4x + 5 = 38. ஐந்தை இரண்டால் பெருக்கவில்லை. அதோடு நிறுத்திவிட்டாள். முதலில் ஓரத்தில் 2 என்று போட்டிருந்தேன். மூன்றாவது வரி தவறு. ஆனாலும் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரிந்து எழுதிய வரி. 2-ஐ வெட்டி 3 என்று எழுதினேன். இருபத்துநான்கு. மனதுக்கு நன்றாக இருந்தது.

அதற்கு இரண்டு தாள் கீழே நந்தனாவின் தாள் இருந்தது. இருபத்துமூன்று.

பதினான்காவது கேள்விக்குப் போனேன். அதே முதல் வரி, அதே இரண்டாவது வரி. அதே 4x + 5 = 38. ஓரத்தில் என் 2.

சிவப்புப் பேனா கையில் இருந்தது. பரீட்சை வீட்டில வச்சாக்கும் நடந்திருக்கும். அந்தச் சிரிப்பு அப்படியே காதில் கேட்டது. பேனாவை மூடிவிட்டு முழுத் தாளையும் மறுபடி கூட்டினேன். இருபத்துமூன்று. இன்னொரு முறை கூட்டினேன். கூட்டலில் பிழை இருக்கட்டும் என்று நான் வேண்டிக்கொண்டது உண்மை. பிழை இல்லை. முன்பக்கத்தில் 23 என்று எழுதி வட்டம் போட்டேன்.

அன்று பஸ் ரயில்வே கேட்டைத் தாண்டியதும் நந்தனா என் முகத்தைத் திருப்பிப் பிடித்தாள்.

"அக்கா, மார்க் ஒண்ணும் சொல்லாண்டாம். கேம்புக்குப் போலாமா, அது மட்டும் சொல்லு."

"எல்லாருக்கும் சொல்லும்போ தெரியும்."

"உனக்க மூஞ்சியில சிரிப்பு இருக்கு. அப்ப பாஸாக்கும்."

என் முகத்தில் சிரிப்பு இருந்ததா என்று எனக்குத் தெரியாது. அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

மார்ச் கடைசி வாரம் கூட்டம் நடந்தது. தாள்களைப் பிள்ளைகளிடமே கொடுத்தேன்; பெற்றோர் பார்த்துக் கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தர வேண்டும். அம்மா வந்திருந்தாள். பவுலாவின் அப்பா யேசுவடியான் காலையில்தான் கடலிலிருந்து திரும்பியிருந்தார். முகாமுக்கான படிவத்தைப் பிளாஸ்டிக் உறையில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இருபத்துநான்குக்குக் குறைந்தவள் வகுப்பில் ஒருத்திதான்.

நந்தனா முன்பக்கத்தைப் பார்த்தாள். அழவில்லை. வட்டத்தைச் சுற்றி விரலால் ஒருமுறை தடவினாள். பிறகு எப்போதும் செய்வதுபோல அவளும் பவுலாவும் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றாம் கேள்வியிலிருந்து பார்த்துக்கொண்டு போனார்கள். மேசையிலிருந்து நான் அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினான்கில் நின்றன.

நந்தனா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். எனக்கும் அவளுக்கும் இடையில் இரண்டு பெஞ்சுகள். அவளுக்குப் புரிந்துவிட்டது. பவுலாவுக்குப் புரியவில்லை. அவள் இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு மேசைக்கு வந்துவிட்டாள்.

"டீச்சர், நந்தனாக்கு ஒரு மார்க் விட்டுப்போச்சு. பாருங்க, எனக்கும் அவளுக்கும் ஒரே வரியாக்கும். எனக்கு மூணு, அவளுக்கு ரெண்டு."

கடற்கரைக் குரல். எல்லோரும் திரும்பினார்கள். அஸ்வந்தின் தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த ஆனந்தபாய் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பக்கத்தில் வந்தார்.

"காட்டு மக்கா, பாக்கட்டு. அட, செரிதானே. ரெண்டு பேருக்கும் ஒண்ணுபோலத்தான் தப்பியிருக்கு. அப்ப எது செரி டீச்சரே? இவளுக்குக் கூடிப் போச்சா, அவளுக்குக் குறைஞ்சு போச்சா?"

அவர் குரலில் குத்தல் இல்லை. தெரிந்துகொள்ள விரும்பித்தான் கேட்டார்.

பின்னாலிருந்து வேறொரு அம்மா சொன்னார்: "தப்பா எழுதினதுக்கு என்னத்துக்கு மார்க்கு? அப்படிப் பாத்தா பவுலாக்கல்லியா குறைக்கணும்?"

அப்போதுதான் பவுலாவுக்குத் தான் எதைக் கொண்டு வந்திருக்கிறோம் என்பது தெரிந்தது. திரும்பித் தன் அப்பாவைப் பார்த்தாள். யேசுவடியான் எழுந்து நின்றிருந்தார். ஒரு கை சட்டைப் பையின் மேல் இருந்தது.

நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: இரண்டு பேருக்கும் மூன்றுதான், நந்தனாவுக்கு நான் பயந்து குறைத்தேன். எதிரே பின்சுவரில் என் சார்ட் தொங்கியது. என் கையெழுத்து. வாயைத் திறந்தேன். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. இது புதிதல்ல, சிறுவயதில் கடையில் போய்ச் சாமான் பெயர் சொல்லக்கூட நாக்கு ஒட்டிக்கொள்ளும். அப்போதெல்லாம் அம்மா எனக்காகச் சொல்வாள். நந்தனா பேசக் கற்ற பிறகு அவள் சொல்வாள்.

"டீச்சர்."

நந்தனா பெஞ்சில் எழுந்து நின்றாள்.

"அந்த மூணாமத்த வரி நான் இப்ப எழுதினதாக்கும்."

"என்னது?" என்றார் ஆனந்தபாய்.

"பரீட்சைக்கு ரெண்டு வரிதான் எழுதினேன். இப்ப பவுலாக்கதைப் பாத்து கீழ எழுதிவச்சேன். ஒரு மார்க் கிட்டுமெண்ணு."

"ஏட்டி, கள்ளம் பறையாத. நீ எப்ப—"

"நீ சும்மாயிரு பவுலா."

அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "வெக்கமில்லியா உனக்கு? ஆளுகளுக்க முன்ன வச்சு..." அம்மாவின் குரல் உடைந்தது. நந்தனா பெஞ்சைப் பார்த்துக்கொண்டு நின்றாள். காதுகள் சிவந்திருந்தன.

"போட்டு பிரேமே, சின்னப் பிள்ளையல்லவா. கேம்புக்குப் போக ஆசையாக்கும்" என்று அம்மாவிடம் சொன்னார் ஆனந்தபாய். பிறகு என் தோளில் கை வைத்தார். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "ஆனா டீச்சரைச் சொல்லணும். சொந்தத் தங்கச்சியானாலும் விட்டுக் குடுக்கல்ல, பாத்தியளா?"

ஓணத்திலிருந்து நான் காத்திருந்த சொல் அதுதான். பவுலாவின் தாளை அவளிடம் கொடுத்தேன். நந்தனாவின் தாளைக் கட்டுக்குள் வைத்தேன்.

அன்று அம்மா முன்னாலேயே போய்விட்டாள். பஸ்ஸில் நந்தனா என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். ரயில்வே கேட் மூடியிருந்தது. நாகர்கோவில் பக்கம் ஒரு ரயில் போகும்வரை நின்றோம். பிறகு கேட் திறந்தது, பஸ் தண்டவாளத்தில் குலுங்கித் தாண்டியது. நான் காத்திருந்தேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் காலையில் தாணு சாரைப் போய்ப் பார்த்தேன். "சார், அந்த வரி பரீட்சையிலேயே இருந்தது. நான் வாசிச்சிருக்கேன். அவள் பொய் சொன்னாள்" என்றேன். தனியாக ஒருவரிடம் என்றால் எனக்குப் பேச வருகிறது.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது எனக்கு மனசிலாச்சு டீச்சரே. ஆனா பத்துப் பேரு கண்டாச்சு. இனி திருத்தணுமெண்ணா ரெண்டு பேப்பரையும் வேறொருத்தரு நோக்கணும். ரெண்டு பேருக்கும் கிட்டலாம். ரெண்டு பேருக்கும் போகவும் செய்யலாம். நான் உறப்புச் சொல்ல மாட்டேன்." கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "அந்தப் பிள்ளையிட்ட கேளுங்க. அவ சரிண்ணா நான் எழுதி அனுப்புறேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். நந்தனா கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம். பவுலாக்கு போயிரும்."

"போகாது நந்து. நான் பேசுறேன். எல்லார்ட்டயும் நானே சொல்றேன், தப்பு எனக்கதுண்ணு."

அவள் ஒரு சட்டையை உதறிக் கொடியில் போட்டாள். கிளிப் மாட்டினாள்.

"அப்ப சொல்லல்லியே" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. கணக்கில் ஒரு படி விட்டுப்போனதைக் காட்டுவதுபோலச் சொன்னாள்.

முகாமுக்குப் போகும் நாளன்று பவுலா அவள் அப்பாவோடு வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரமாட்டேன் என்று முற்றத்திலேயே நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது. நந்தனா பச்சைக் கையுறையைக் கொண்டுபோய் அவள் பைக்குள் திணித்தாள்.

"எனக்கு என்னத்துக்குட்டி இது? நான் ஓடுறவளல்லவா?"

"அங்க எவளாவது கீப்பர் கையில ஒண்ணும் இல்லாம வந்திருப்பா. அவளுக்குக் குடு. திருப்பி வாங்காண்டாம்."

"வாங்கிட்டுத்தான் வருவேன்."

"பஸ் போயிரும். போட்டீ, போ."

ஏப்ரலில் நான் வீட்டில் இருந்தேன். வேலை முடிந்துவிட்டது. நந்தனா தினமும் ஒன்பதரை பஸ்ஸில் விடுமுறை வகுப்புக்குத் தனியாகப் போனாள். மலையாள வழியில் நான்கு பேர், தமிழ் வழியில் இவள் ஒருத்தி. ஷிஜி டீச்சர் எடுத்தார். சாயங்காலம் வந்து தரையில் கவிழ்ந்து படுத்துக்கொண்டு எழுதுவாள். நான் கட்டிலில் இருப்பேன். நோட்டு எனக்குத் தெரியாதபடி கையை வளைத்து வைத்திருப்பாள். நான் கேட்பதற்குப் பதில் சொல்வாள். சோறு வைத்தால் தின்பாள். என்னை எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிடுவதில்லை. ஏதாவது வேண்டுமென்றால் பக்கத்தில் வந்து நின்று, நான் திரும்பும்வரை காத்திருப்பாள்.

மறுதேர்வில் ஐம்பத்திரண்டு வாங்கினாள். ஷிஜி டீச்சர் போனில் சொன்னார். "நல்லா செய்திருக்கா ஷீஜா. ஒரு வெட்டுத் திருத்து இல்ல. என்ன ஒரு சுத்தம்!" அம்மா பாயசம் வைத்தாள். அப்பா அவள் தலையைத் தடவினார். நந்தனா தாளை அம்மாவிடம் காட்டினாள், அப்பாவிடம் காட்டினாள். பிறகு மடித்துப் பைக்குள் வைத்தாள்.

அவள் குளிக்கப் போனபோது அந்த மாதத்து நோட்டை எடுத்துப் பார்த்தேன். பென்சிலால் எழுதியிருந்தாள். முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை எல்லா வரிகளும் சரி. கோடு போட்ட வரி ஒன்றுகூட இல்லை. அடைப்புக்குறி வரும் இடங்களில் மட்டும் தாள் மெலிந்திருந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். அழித்து அழித்து ஒரு பக்கத்தில் ஓட்டையே விழுந்திருந்தது. அந்த ஓட்டையின் பக்கத்தில், இடம் விட்டு, சரியான வரியை எழுதியிருந்தாள்.

நோட்டுக்குள் ரப்பர் துகள்கள் இருந்தன. நான் அவற்றைக் கொட்டவில்லை. இருந்தபடியே மூடி, இருந்த இடத்திலேயே வைத்தேன்.